பெரும்பான்மை எங்கே முடிகிறது? திருவிதாங்கூர்–கொச்சி, 1954



வாக்களிப்பு முறைகளின் நியாயம் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். பாடப்புத்தகங்களில் இதற்குச் சமூகத் தேர்வுக் கோட்பாடு என்று பெயர். பலருடைய விருப்பங்களைக் கூட்டி ஊருக்கு ஒரே முடிவாக எப்படி ஆக்குவது, அந்த முடிவை எந்த அளவுக்கு நியாயமானது என்று சொல்லலாம் என்பதே அதன் கேள்வி. பாரிசிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த துறைதான். ஆனாலும் அதை விளக்க நான் வெளியூர் உதாரணம் எதையும் தேடப்போவதில்லை. 1954ல் இந்தத் தக்கலையைச் சுற்றிய பகுதியில் நடந்ததே போதும்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர்–கொச்சி சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. மொத்தம் 117 இடங்கள். காங்கிரஸ் 45 இடங்களைப் பிடித்தது. கம்யூனிஸ்ட் கட்சிக்கு 23, பிரஜா சோசலிஸ்ட் கட்சிக்கு 19, நம்முடைய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு 12, புரட்சி சோசலிஸ்டுகளுக்கு 9, சுயேச்சைகளுக்கு 9. ஆட்சி அமைக்க 59 வேண்டும். யாருக்கும் அது இல்லை. மார்ச் மாதம் முதலமைச்சராகப் பதவியேற்றவர் 19 பேரின் தலைவரான பட்டம் தாணுப்பிள்ளை. 45 பேரை வைத்திருந்த காங்கிரஸ் அமைச்சரவையில் சேராமல் வெளியிலிருந்து ஆதரித்தது.

மூன்றாம் இடத்துக்கு வந்த கட்சி ஆள்வதா என்று கேட்கத் தோன்றும். நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன். கணக்கின்படி அந்தத் தேர்வுக்கு வலுவான நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை முழுதாக ஏற்றுக்கொண்ட பிறகுதான், அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தப் பகுதியின் தெருக்களில் நடந்ததன் கனம் புரியும்.

முதலில் கணக்கு. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தைச் சேர்ந்த இருவர் இதைப் பற்றி ஆழமாக யோசித்தார்கள். போர்டா 1770ல் ஒரு முறையைச் சொன்னார்: ஒவ்வொருவரும் வேட்பாளர்களை வரிசைப்படுத்தட்டும், கடைசி இடத்துக்கு 0, அதற்கு மேல் 1, அதற்கும் மேல் 2 என்று மதிப்பெண் போட்டுக் கூட்டலாம். கொண்டோர்சே 1785ல் வேறொன்று சொன்னார்: வேட்பாளர்களை இருவர் இருவராக மோதவிட்டுப் பார், எதிரே யார் நின்றாலும் வெல்பவர் ஒருவர் இருந்தால் அவரே சபையின் உண்மையான விருப்பம்.

இதை 1954க்குப் பொருத்துகிறேன். தமிழர் கட்சியின் 12 பேரையும் சுயேச்சைகள் 9 பேரையும் இப்போதைக்கு ஒதுக்கிவைத்தால் மீதி 96 பேர். காங்கிரஸ்காரர்கள் தங்களுக்கு அடுத்தபடியாகப் பட்டத்தின் பிரஜா சோசலிஸ்டுகளை ஏற்பார்கள், கம்யூனிஸ்டுகளைக் கடைசியில் வைப்பார்கள். கம்யூனிஸ்டுகளும் புரட்சி சோசலிஸ்டுகளும் சேர்ந்த 32 பேர் சோசலிஸ்டுகளை இரண்டாவதாகவும் காங்கிரசைக் கடைசியாகவும் வைப்பார்கள். இந்த வரிசை என் அனுமானம்தான். அன்றைய கூட்டணிகளையும் பகைகளையும் வைத்துப் பார்த்தால் பெரிதும் பொருந்துகிற அனுமானம்.

இப்போது மோதவிடுங்கள். சோசலிஸ்டா கம்யூனிஸ்டா என்றால் 64க்கு 32. சோசலிஸ்டா காங்கிரசா என்றால் 51க்கு 45. இரண்டிலும் சோசலிஸ்டே வெல்கிறார். போர்டா முறையிலும் அப்படித்தான்: சோசலிஸ்டுகளுக்கு 115 மதிப்பெண், அவர்கள் 19 பேரும் காங்கிரசையே இரண்டாவதாக எழுதினாலும் காங்கிரஸ் 109ஐத் தாண்டாது. ஆக, கொண்டோர்சேயும் போர்டாவும் பட்டத்தின் பக்கம். அதிக இடம் பெற்றவருக்கே ஆட்சி என்றால் காங்கிரஸ். கடைசி இடத்தில் இருப்பவரை ஒவ்வொருவராக நீக்கி அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றும் முறையில் முதலில் புரட்சி சோசலிஸ்டுகள் நீங்குவார்கள். அவர்கள் வாக்கு கம்யூனிஸ்டுகளுக்குப் போனால் அவர்கள் 32 ஆவார்கள். அடுத்து நீங்குவது 19 பேர் கொண்ட பட்டத்தின் கட்சிதான்! உறுப்பினர்கள் அதே 96 பேர், அவர்கள் மனதும் அதேதான். எண்ணும் முறை மாற மாற முதலமைச்சரும் மாறுகிறார்.

மக்கள் தீர்ப்பு என்று ஒன்று பெட்டிக்குள் தயாராக இருக்கிறது, நாம் அதை எடுத்துப் படிக்கிறோம் என்று நினைக்கிறோம். பெட்டிக்குள் இருப்பது விருப்பங்கள் மட்டுமே. தீர்ப்பு, விருப்பமும் விதியும் சேர்ந்து உண்டாவது.

அப்படியானால் கொண்டோர்சேயின் விதியையே எப்போதும் வைத்துக்கொள்ளலாமே? முடியாது. தடையைக் கண்டுபிடித்தவரும் அவரேதான். ஓர் ஊர்க்கூட்டத்தில் மூன்று தெருக்காரர்கள், மூன்று தெருவுக்கும் சம வாக்கு, ஒரு வேலைக்கு மட்டும் பணம் இருக்கிறது என்று வையுங்கள். கீழத்தெருவுக்கு முதலில் குளம் தூர்வார வேண்டும், பிறகு சாலை, கடைசியில் நூலகம். மேலத்தெருவுக்குச் சாலை, நூலகம், குளம். வடக்குத்தெருவுக்கு நூலகம், குளம், சாலை. குளமா சாலையா என்று கேட்டால் குளம் வெல்லும். சாலையா நூலகமா என்றால் சாலை. நூலகமா குளமா என்றால் நூலகம். ஒவ்வொன்றையும் இன்னொன்று பெரும்பான்மையோடு தோற்கடிக்கிறது. மூன்று தெருக்காரர்களும் தெளிவாகத்தான் யோசித்தார்கள். குழப்பம் கூட்டுத்தொகையில் பிறக்கிறது. இந்த இடத்தில் எதை முதலில் வாக்குக்கு விடுவது என்று தீர்மானிப்பவர் கையில்தான் முடிவு இருக்கிறது. முதலில் குளத்தையும் நூலகத்தையும் மோதவிட்டு, வென்றதைச் சாலையோடு மோதவிட்டால் சாலை வரும். நூலகம் வேண்டும் என்பவர் வேறு வரிசையில் கேட்பார். சங்கக் கூட்டங்களில் தீர்மானங்களின் வரிசைக்கு ஏன் அவ்வளவு சண்டை நடக்கிறது என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

1951ல் அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ இதை முழுமையாக நிறுவினார். மூன்றோ அதற்கு மேலோ தேர்வுகள் இருக்கும்போது, ஒரு நல்ல விதியிடம் நாம் எதிர்பார்ப்பவை மிகக் குறைவுதான்: யாரும் எந்த வரிசையையும் விரும்பலாம், எல்லோரும் ஒன்றை விரும்பினால் அது மேலே வர வேண்டும், இரண்டை ஒப்பிடும்போது மூன்றாவது குறுக்கே வந்து முடிவைப் புரட்டக்கூடாது, தனியொருவர் விருப்பமே எப்போதும் ஊர் விருப்பம் என்று ஆகக்கூடாது. இத்தனையையும் ஒருசேர நிறைவேற்றி, முரணில்லாத வரிசை தரும் விதி எதுவுமே கிடையாது என்று அவர் காட்டினார். இனிமேல் கண்டுபிடிக்கவும் முடியாது. 1973ல் கிப்பார்டும் 1975ல் சாட்டர்த்வெயிட்டும் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: மூவரோ அதற்கு மேலோ போட்டியிட்டால், குலுக்கலும் தனியொருவர் ஆதிக்கமும் இல்லாத எந்த விதியாலும், மனதில் இருப்பதை மறைத்து வாக்களித்து ஆதாயம் பெறும் வாய்ப்பை முழுதாக அடைக்க முடியாது. ‘ஜெயிக்காத ஆளுக்கு ஓட்டைப் போட்டு என்ன பிரயோஜனம்?’ என்று டீக்கடையில் கேட்பவர் பேசுவதும் இந்தத் தேற்றத்தைத்தான்.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர் ஜனநாயகமே பொய் என்று முடிவுகட்டுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. டங்கன் பிளாக் 1948ல் காட்டியது இது: கருத்துகள் எல்லாம் இடமிருந்து வலமாக ஒரே கோட்டில் அமைந்தால் ஒன்றை ஒன்று தோற்கடிக்கும் அந்தச் சுழல் வராது, நட்டநடுவில் நிற்பவரே எல்லோரையும் வெல்வார். அந்த 96 பேரை இடமிருந்து நிறுத்திப் பாருங்கள்: கம்யூனிஸ்ட் 23, புரட்சி சோசலிஸ்ட் 9, பிரஜா சோசலிஸ்ட் 19, காங்கிரஸ் 45. நடுவில் வரும் 48ஆவது, 49ஆவது உறுப்பினர்கள் இருவருமே பட்டத்தின் கட்சி. ஆகவே அந்த ஆட்சி தற்செயல் அல்ல. கோட்டின் நடுவை அது பிடித்திருந்தது.

இப்போது ஒதுக்கிவைத்த அந்த 12 பேரிடம் வருகிறேன். கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை என்ற நம் நான்கு தாலுகாக்கள் முதலிய தமிழ்ப் பகுதிகளின் குரலாகப் போனவர்கள் அவர்கள். இடதா வலதா என்ற அந்தக் கோட்டில் அவர்களுக்கு இடமே இல்லை. நிலம் யாருக்கு, ஆலை யாருக்கு என்பதல்ல அவர்கள் கேட்டது. பள்ளிக்கூடமும் நீதிமன்றமும் அரசு அலுவலகமும் எந்த மொழியில், நாங்கள் எந்த மாநிலத்தில் என்பது. இன்னொரு திசையில் ஓடுகிற கோடு அது. கோடு இரண்டானால் நடு என்ற ஒன்றே கரைந்துபோகும், எந்த ஆட்சியையும் ஏதாவது ஒரு கூட்டு தோற்கடிக்கும் என்று 1976ல் மெக்கெல்வி நிறுவினார். திருவனந்தபுரத்தில் அது முன்பே நடந்துகொண்டிருந்தது. முந்தைய சபையில் ஏ. ஜே. ஜான் அமைச்சரவை தமிழர் கட்சியின் ஆதரவு விலகியதும் 1953ல் விழுந்தது. பட்டத்தின் அமைச்சரவை 1955 பிப்ரவரியில் விழுந்தது. தமிழர் கட்சியின் ஆதரவோடு வந்த பனம்பிள்ளி கோவிந்த மேனன் அமைச்சரவை 1956 மார்ச்சில் விழுந்தது. பிறகு குடியரசுத் தலைவர் ஆட்சி. அன்றைய தலைவர்களின் குணத்தில் இதற்குக் காரணம் தேடியவர்கள் உண்டு. அந்தச் சபைகளின் அமைப்பிலேயே காரணம் இருந்தது என்பது என் முடிவு.

தமிழர் கட்சிக்காரர்களால் அமைச்சரவையைக் கவிழ்க்க முடிந்தது. தங்கள் தாலுகாக்களுக்கு வேண்டியதைப் பெற முடிந்ததா? முடியவில்லை. 117ல் 12 எந்த விதியிலும் 59 ஆகாது. போர்டா, கொண்டோர்சே என்று எவர் வந்தாலும் இவர்கள் நிரந்தரச் சிறுபான்மை. தங்கள் ஊரில் பெரும்பான்மை, சபையில் எப்போதும் தோல்வி.

1954 ஜூலையில், தேவிகுளம், பீர்மேடு தோட்டத் தமிழர்களுக்காகத் தடையை மீறிச் சென்ற தமிழர் கட்சியின் நேசமணி முதலான தலைவர்கள் கைதானார்கள். ஆகஸ்ட் 11ஆம் தேதியை விடுதலை நாளாகத் தமிழர்கள் அனுசரித்தார்கள். அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. ஊர்வலத்தில் வந்தவர்கள் வீடு திரும்பவில்லை. இந்தப் பகுதியின் மூத்த குடும்பங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆளும் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, உத்தரப் பிரதேசச் சிறையில் இருந்தபடியே, தன் கட்சி அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்றார். சொந்த மக்களைச் சுட்ட அரசு நீடிக்கக்கூடாது என்பது அவர் வாதம். கட்சி கேட்கவில்லை. அந்தப் பிளவு பெரிதாகி, லோகியா தனிக்கட்சி காணும்வரை போனது.

நான் சொல்ல வந்தது இதுதான். கணக்குப்படி மிக நியாயமாகத் தேர்வான ஓர் அரசு, ஐந்து மாதத்தில் அந்தக் காரியத்தைச் செய்தது. எண்ணும் முறையில் பிழை இருந்ததால் அல்ல. இரண்டு கேள்விகளை எண்ணிக்கைக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். யாரையெல்லாம் சேர்த்து எண்ணுகிறோம்? எதையெல்லாம் எண்ணிக்கைக்கு விடக்கூடாது?

முதல் கேள்வி திருவிதாங்கூருக்குப் புதிதல்ல. 1932ல் சட்டமன்றச் சீர்திருத்தம் வந்தபோது வாக்குரிமை நிலவரியோடு கட்டப்பட்டிருந்தது. நிலம் யார் கையில் இருந்ததோ அவர்கள் கையில்தான் சபையும் போகும் என்று ஈழவர்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் தேர்தலைப் புறக்கணித்தார்கள். அதுதான் நிவர்த்தனப் போராட்டம். அவர்கள் குறைகண்டது எண்ணும் விதியை அல்ல, எண்ணப்படுகிறவர்களின் பட்டியலை. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை சூழ்ச்சிக்கு இடங்கொடாத முறை என்பதில் எனக்கும் ஐயமில்லை. குலுக்கி எடுக்கும் சீட்டிடம் யாரும் தந்திரம் செய்ய முடியாது. ஆனால் வரி கட்டும் நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களின் பெயர்தான் குடத்துக்குள் போனது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் நான்கு தாலுகாக்களின் கதையும் வாக்கெடுப்பால் முடியவில்லை. ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும் அடங்கிய மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. எண்ணும் விதி மாறவில்லை. யாரோடு சேர்த்து எண்ணுவது என்பது மாறியது. எல்லை எல்லோருக்கும் நியாயம் செய்துவிடவில்லை. தமிழர் பெரும்பான்மையாக இருந்த தேவிகுளம் கேரளத்திலேயே நின்றது. தோட்ட வேலைக்கு வந்தவர்கள் நிலையான குடிகள் அல்ல என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. தேயிலைக் காட்டில் வாழ்ந்து மடிந்தவர்களை நிலையற்றவர்கள் என்று சொல்வதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. இங்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. எங்கே கோடு போட்டாலும் அந்தப் பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

அந்த மிச்சம் மனிதர்களாகவும் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோட்டு மலையாளிகள் ஒரே இரவில் சிறுபான்மை ஆனார்கள். நாம் அனுபவித்ததை அவர்கள் அனுபவிக்கக்கூடாது அல்லவா? இங்கேதான் இரண்டாவது கேள்வி. அதே 1956ல் அரசமைப்பின் ஏழாவது திருத்தம் 350அ என்ற பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் வழிசெய்ய வேண்டும் என்கிறது அது. பெரும்பான்மை கைதூக்கி நீக்க முடியாதபடி ஒரு விஷயத்தை எடுத்து மேலே வைத்துவிட்டார்கள்.

அமர்த்தியா சென் 1970ல் எழுதியவை இதற்குக் கோட்பாட்டு அடித்தளம். ஒவ்வொருவருக்கும் தன் வாழ்க்கையில் ஒரு சிறு வட்டத்தையாவது சொந்தமாக விட்டுவைத்தால், எல்லோரும் ஒருமனதாக விரும்புவது நடக்க வேண்டும் என்ற சாதாரண விதியோடுகூட அது சில வேளை மோதும் என்று காட்டினார். உரிமையும் எண்ணிக்கையும் தானாக இணைந்து போகாது. எது எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். ஆரோவின் முட்டுச்சந்துக்கு ஒரு காரணம், வாக்குச்சீட்டு மிகக் குறைவான தகவலையே கொண்டுவருகிறது என்பதையும் சென் அழுத்திச் சொன்னார். யாரை விட யார் என்பதைச் சீட்டு சொல்லும். எவ்வளவு வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு வலிக்கும் என்பதைச் சொல்லாது. தன் பிள்ளை எந்த மொழியில் படிக்கும் என்று தவிக்கும் கல்குளத்துத் தாயின் வாக்கும், மாநிலம் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்கும் தூரத்து ஊர்க்காரரின் வாக்கும் ஒரே எடை. அந்த வேறுபாட்டைச் சபையில் பேச்சும், வெளியே போராட்டமும்தான் கொண்டுவர முடியும். ஆகஸ்ட் 11 அன்று தெருவுக்கு வந்தவர்கள் கொண்டுவந்தது அந்தத் தகவலைத்தான்.

எண்ணும் முறை முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஓர் உதாரணம் பாருங்கள். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் சுமார் 44 விழுக்காடு வாக்கு பெற்ற அதிமுகவுக்கு 39ல் 37 தொகுதிகள். ஏறத்தாழ 24 விழுக்காடு பெற்ற திமுகவுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த 37ல் சேராத இரண்டில் ஒன்று நம் கன்னியாகுமரி. இங்கே பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணன் வென்றார், காங்கிரஸ், அதிமுக, திமுக என்று வாக்குகள் பல வழியாகப் பிரிந்தன, வென்றவர் பெற்றது 40 விழுக்காட்டுக்கும் கீழே. இரண்டாவது விருப்பம் கேட்கப்பட்டிருந்தால் அவரே வந்திருப்பாரா, வேறொருவரா? யாராலும் சொல்ல முடியாது. இயந்திரம் அதை நம்மிடம் கேட்கவே இல்லை. எந்தக் கட்சி வென்றாலும் இந்தக் குறை இதே குறைதான்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் கேட்கிறார்கள். அங்கே சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று எழுதுகிறார்கள். 1969ல் முதல் விருப்பத்தில் வி. வி. கிரிக்கு 4,01,515, சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வேண்டியது 4,18,169, யாரும் எட்டவில்லை. மற்றவர்களை நீக்கி, அடுத்த விருப்பங்களைச் சேர்த்தபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. தேஷ்முக்கின் ஆதரவாளர்கள் தங்கள் வேட்பாளர் தோற்ற பிறகும் முடிவில் பங்கெடுத்தார்கள். அவர்கள் வாக்கு வீணாகவில்லை.

1951–52ல் நாட்டில் பெரும்பாலோருக்கு எழுத்தறிவு இல்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்து, பெட்டியில் சின்னத்தை ஒட்டி, சீட்டை உள்ளே போடச் சொன்னார்கள். அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய சாதனை. வரிசைப்படுத்தச் சொல்லியிருக்க முடியாது. இன்று அப்படியா? 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது இந்தக் கன்னியாகுமரி மாவட்டம். 1, 2, 3 எழுதத் தெரியாதவர் என்று சொல்லி இந்த மக்களுக்கு அந்த உரிமையை இனியும் மறுக்கக் காரணமில்லை. எந்த முறையும் குறையற்றது அல்ல என்று ஆரோ நிறுவிவிட்டார். ஆனால் எல்லா முறையும் ஒரே அளவு குறையுள்ளவை என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

நாடாளுமன்றத் தேர்தல் முறை நம் கையில் இல்லை. ஆனால் கூட்டுறவுச் சங்கம், வணிகர் சங்கம், நூலக வாசகர் வட்டம், ஆலய நிர்வாகக் குழு, ஜமாத், சபை எல்லாவற்றிலும் தேர்தல் நடக்கிறது. சட்டவிதி இடங்கொடுக்கும் இடங்களில் அடுத்த முறை விருப்ப வரிசையைக் கேளுங்கள். இருவர் இருவராக மோதவிட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். அதற்கு முன்பாகத் துணைவிதியில் இரண்டு பக்கம் எழுதுங்கள்: யாருக்கெல்லாம் வாக்கு உண்டு, எந்த விஷயங்களைப் பெரும்பான்மை தொடக்கூடாது என்று. வாடகைக்கு வந்தவர், மருமகளாக வந்தவர், சந்தா பாக்கி வைத்தவர் என்று யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1952 முதல் 1956 வரையிலான திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளை எடுத்துப் படியுங்கள். தமிழர் கட்சி எந்தத் தீர்மானத்தில் எந்தப் பக்கம் நின்றது என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். உலகம் முழுவதும் இத்துறையில் படிப்பவர்கள் உதாரணம் தேடி அமெரிக்கக் காங்கிரசுக்கும் பிரெஞ்சுத் தேர்தல்களுக்கும் போகிறார்கள். அவற்றுக்குச் சற்றும் குறையாத ஆவணம் நம் மக்களைப் பற்றியது இருக்கிறது. அதைத் தமிழிலும் மலையாளத்திலும் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இந்த மாவட்டத்தில்தான் அதிகம். அந்த வேலையை நீங்கள் தொடங்க வேண்டும்.